ஏற்காட்டு காப்பித் தோட்டத்தில் சீசன் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீபாவளி முடிந்த கையோடு சேலம், அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி பக்கங்களிலிருந்து காப்பிப் பழம் பறிக்க மலையேற நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. மலையில் வேலை கிடைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. பழம் பழுத்துவிட்டால் ஆள் தேடி அலைவது தோட்டக்காரர்தான். ஏறுவதற்கு முன் என்ன பேசி வைத்தீர்கள் என்பதில்தான் சீசன் முடிந்து கையில் என்ன நிற்கும் என்பது இருக்கிறது.

எந்த மாதம் போனால் வேலை இருக்கும்?

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பெரும்பாலும் அரபிக்கா வகைக் காப்பி. மார்ச், ஏப்ரலில் ஒரு கோடை மழை விழுந்தால் எட்டு ஒன்பது நாளில் செடி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். அந்தப் பூ பழமாகிக் கைக்கு வர எட்டு ஒன்பது மாதம். ஆக நவம்பரில் பறிப்பு ஆரம்பித்து ஜனவரி வரை, சில தோட்டங்களில் பிப்ரவரி வரை இழுக்கும். கோடை மழை ஒரே தடவையில் பெய்யாமல் விட்டு விட்டுப் பெய்த வருடம் பழமும் விட்டு விட்டுத்தான் பழுக்கும். அப்போது ஒரே செடியை மூன்று நான்கு சுற்று பறிக்க வேண்டி வரும்.

முதல் சுற்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பழம் இருக்கும். நாள் முழுக்க நடந்தாலும் சாக்கு நிறையாது. கிலோக் கூலிக்குப் போகிறவர்கள் டிசம்பர் நடுச் சுற்றைக் கணக்கு வைத்துப் போவது நல்லது. நாள் கூலி என்றால் நவம்பரிலேயே போய்விடலாம். ஆனால் பேச்சு எல்லாம் அக்டோபரிலேயே முடிந்திருக்க வேண்டும்.

யாரைப் பிடித்தால் வேலை கிடைக்கும்?

மேஸ்திரியை. பெரிய எஸ்டேட்டுகளுக்கு ஆள் கூட்டி வருவது, பிரித்து விடுவது, சாயங்காலம் எடை போடும்போது பக்கத்தில் நிற்பது எல்லாம் அவர்தான். போன வருடம் போய்வந்த அக்கா ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால் அவரிடம் கேளுங்கள், மேஸ்திரி நம்பர் அவரிடம் இருக்கும். அவர் "அந்தாளு வேணாம் கண்ணு" என்றால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தெரிந்தவர் யாருமில்லை என்றால் நேராக மேலே போய் எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் ரைட்டரைப் பார்க்கலாம். காலையில் பேர் போடும் நேரத்தில் போகாதீர்கள், அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. பதினோரு மணிக்கு மேல் போங்கள். சிறு தோட்டக்காரர்கள் நாகலூர், செம்மநத்தம், மஞ்சக்குட்டை, வாழவந்தி, மாரமங்கலம் என்று மலை முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்கள். அங்கே மேஸ்திரி கிடையாது, சொந்தக்காரரே கூட நின்று பறிப்பார். கூலி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கணக்கு அன்றன்றே தீர்ந்துவிடும். புதிதாகப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த மாதிரி தோட்டங்களைத்தான்.

மலையிலேயே குடியிருக்கும் மலையாளிப் பழங்குடி மக்கள்தான் காலங்காலமாக இந்தத் தோட்டங்களின் கை. அவர்கள் பறிக்கிற வேகத்தைப் பார்த்து மிரள வேண்டாம், அவர்கள் பக்கத்து நிரையில் பேர் போடச் சொல்லுங்கள். பார்த்தே பாதி கற்றுக்கொள்ளலாம்.

"இதைவிட மூணு மடங்கு கூலி, வண்டி வாசலுக்கே வரும்" என்று ஒருவர் கூப்பிடுகிறார். போகலாமா?

எந்த ஊர், எந்த எஸ்டேட், என்ன வேலை என்று மூன்றும் தெளிவாகச் சொல்லாத ஆளோடு ஏறாதீர்கள். கூர்க்குக்கும் வயநாட்டுக்கும் காப்பி, மிளகு பறிக்கப் போவது நம் மலைக்காரர்களுக்குப் புதிதில்லை, அதில் தப்பும் இல்லை. ஆனால் "மரம் வெட்டணும், ராத்திரி வண்டி, ஆந்திரா பக்கம்" என்று பேச்சு வந்தால் அது செம்மரக் கடத்தல். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லிச் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரும் தமிழ்நாட்டிலிருந்து கூலிக்குப் போனவர்கள். கூட்டிப்போன தரகர் யாரும் அந்தக் கணக்கில் இல்லை.

முன்பணம் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் ஒரு வார, இரண்டு வாரக் கூலிக்கு மேல் வாங்காதீர்கள். கொடுத்த தொகை, தேதி, வாரம் எவ்வளவு கழிப்பார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். அதன் படத்தைப் போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆதார், ரேஷன் கார்டு அசலை அடமானமாக யாரிடமும் கொடுக்கக் கூடாது, நகல் போதும்.

பெரிய முன்பணத்தைக் கொடுத்து, "அது தீர்ற வரைக்கும் நீ எங்கயும் போகக்கூடாது" என்று நிறுத்தினால் அது கொத்தடிமை. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படி வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடமையே சட்டத்தில் இல்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் எழுதிக் கொடுக்கலாம்.

கூலி எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?

மூன்று விதம். நாள் கூலி மட்டும், கிலோவுக்கு இவ்வளவு, அல்லது நாள் கூலிக்கு இத்தனை கிலோ என்று வரம்பு வைத்து, அதற்கு மேல் பறித்த ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் காசு. மூன்றாவதுதான் பெரிய எஸ்டேட்டுகளில் அதிகம். இதில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது கூலி எவ்வளவு என்பதைவிட வரம்பு எவ்வளவு என்பது. காய்ப்பு குறைந்த வருடத்திலும், சரிவான வெட்டிலும் (தோட்டத்தைப் பிரித்த ஒரு பகுதிக்கு வெட்டு என்று பெயர்) அதே வரம்பை வைத்தால் உங்களால் தொடவே முடியாது. "முதல் சுத்துக்கு எத்தனை, நடுச் சுத்துக்கு எத்தனை?" என்று தனித்தனியாகக் கேளுங்கள். எந்தக் கணக்கானாலும் அரசு தோட்டத் தொழிலுக்கு அறிவித்திருக்கும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக்கூடாது. ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பதும் கூடாது.

அடுத்தது தராசு. சாயங்காலம் நான்கு மணி வாக்கில் எல்லோரும் சாக்கைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் வந்து வரிசை கட்டுவார்கள். இருட்டு வருகிறது, வண்டி நிற்கிறது, இலையும் காயும் பொறுக்கச் சொல்லி மேஸ்திரி கத்துகிறார். இந்த அவசரத்தில்தான் கிலோ தொலையும். தராசில் முத்திரை இருக்கிறதா, காலியாக இருக்கும்போது பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். சாக்குக்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். நனைந்த சாக்கு என்று ஒரு கிலோ கூடுதலாகக் கழிப்பது மழை நாளில் நடக்கும்; 23.6 கிலோவை 23 என்று எழுதுவது எல்லா நாளும் நடக்கும். தினமும் அரைக் கிலோ போனாலும் ஒரு சீசனில் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். உங்கள் எடையை உங்கள் நோட்டிலும் எழுதுங்கள். எழுத வராதவர்கள் மகளிடம் போனில் அன்றன்றைக்குச் சொல்லி எழுதவைக்கலாம், நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

எனக்குப் பறிக்கவே தெரியாது. சேர்ப்பார்களா?

சேர்ப்பார்கள். பழக நான்கைந்து நாள் ஆகும். பாக்கியெல்லாம் கை வழக்கம்.

நன்றாகச் சிவந்த பழத்தை மட்டும் எடுக்க வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து லேசாகத் திருகினால் காம்பை விட்டு வந்துவிடும். இழுக்கக் கூடாது. இழுத்தால் பக்கத்துப் பச்சைக் காயும் சேர்ந்து வரும், சில நேரம் கிளையே முறியும். அடுத்த வருடப் பூ பெரும்பாலும் இந்த வருடம் வளர்ந்த கிளை நுனிப் பக்கத்தில்தான் வரும். அதை முறித்தவரைப் பார்த்தால் தோட்டக்காரருக்கு வயிறு எரியும். மேல் கிளை எட்டவில்லை என்றால் செடியைச் சாய்க்காமல், கொக்கிக் குச்சியால் மெதுவாக வளைத்து, அதை இடுப்பிலோ காலிலோ மாட்டிக்கொண்டு இரண்டு கையாலும் பறியுங்கள். வேகம் இரண்டு கையில்தான் இருக்கிறது. ஒரு கையால் கிளையைப் பிடித்து மறு கையால் பறிப்பவர் பாதிதான் பறிப்பார்.

பச்சைக் காய்க்கு ஏன் அவ்வளவு கத்துகிறார்கள் என்று பலருக்கும் கோபம். பழத்தை அன்றைக்கே பல்ப்பரில் போட்டுத் தோல் உரிக்கிறார்கள். பழுத்தது வழுக்கி வெளியே வந்துவிடும், பச்சை அப்படியே நசுங்கும் அல்லது உரியாமல் போகும். ஒரு கை பச்சை ஒரு மூட்டையின் ருசியையே கெடுத்துவிடும். ஆறு கிலோ பழத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ காப்பிக்கொட்டைதான் தேறும், அதனால் அவர்கள் கண்ணில் ஒவ்வொரு பழமும் காசு. செடியிலேயே காய்ந்து கறுத்ததைத் தனிப் பையில் போடுங்கள். அதை உரிக்காமல் முழுசாகக் காய வைப்பார்கள்.

கீழே சிந்தியதையும் பொறுக்கச் சொல்வார்கள். கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம். தரையில் கிடக்கும் பழத்துக்குள்தான் காய்த்துளைப்பான் வண்டு தங்கிப் பெருகி அடுத்த விளைச்சலுக்கு ஏறும். கடைசிச் சுற்றில் செடியில் ஒரு பழம் விடாமல் உருவச் சொல்வதும் அதற்காகத்தான்.

என்னென்ன கொண்டு போக வேண்டும்?

கம்பளி, ஸ்வெட்டர், காது மூட ஒரு மப்ளர். கீழே சேலத்தில் வியர்க்கிறதே என்று மெல்லிய போர்வையோடு போகிறவர்கள் முதல் ராத்திரியே நடுங்குவார்கள். ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, டிசம்பர் ராத்திரி சாதாரணமாகவே 12, 13 டிகிரிக்கு இறங்கும். காலைப் பனியில் செடியெல்லாம் சொட்டச் சொட்ட இருக்கும். பறிக்கத் தொடங்கி அரை மணி நேரத்தில் இடுப்புக்குக் கீழே நனைந்துவிடும். உரச் சாக்கையோ பழைய ரெயின்கோட்டையோ வெட்டி இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள்.

சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலைக்குத் துண்டு. செருப்பு போதாது, பிடிப்புள்ள ரப்பர் ஷூ வேண்டும். மழை ஈரத்தில் சில்வர் ஓக் இலை உதிர்ந்து கிடக்கும் சரிவில் செருப்பு நிற்காது. டார்ச், தேங்காய் எண்ணெய், தினமும் சாப்பிடும் மாத்திரை இருந்தால் சீசன் முழுக்கத் தேவையான அளவு. ஆதார், வங்கிப் பாஸ்புக் நகல். பணத்தை மூட்டையில் கட்டி வராதீர்கள்.

தங்க இடம் தருவார்களா?

பெரிய எஸ்டேட்டில் லயன் வீடு தருவார்கள். ஒரு அறை, ஒரு அடுப்படி, வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். எத்தனை பேருக்கு ஒரு அறை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கக்கூஸ் உள்ளதா, கதவுக்குத் தாழ்ப்பாள் உள்ளதா என்று நான்கையும் ஏறும் முன்பே கேளுங்கள். பெண்கள் மட்டும் போகும் குழு என்றால் கடைசி இரண்டையும் கண்ணால் பார்க்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். விறகு தோட்டத்தில் எடுக்கலாமா என்பதும் முக்கியம். காட்டு எல்லையில் எடுத்தால் வனத்துறை பிடிக்கும்.

அரிசி, பருப்பைக் கீழிருந்தே கட்டிப் போங்கள். எஸ்டேட்டுக்குள் கடையில் கடன் சொல்லி வாங்க ஆரம்பித்தால் கணக்கு முடிக்கும்போது அந்த நோட்டு உங்கள் நோட்டைவிடத் தடிமனாக இருக்கும்.

குப்பனூர் வழியில் கொட்டச்சேடு பக்கத்துத் தோட்டங்களுக்கு அடிவார ஊர்க்காரர்கள் தினம் போய்வருவதும் உண்டு. வண்டிச் செலவு யாருடையது என்று பேசிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

கைக்குழந்தை என்றால் எஸ்டேட்டில் கிரீச் (குழந்தைக் காப்பகம்) இருக்கிறதா, நடக்கிறதா என்று பாருங்கள். கட்டடம் இருக்கும், ஆயா இருக்க மாட்டார். பள்ளிக்கூடப் பிள்ளையை விட்டுவிட்டுப் போக ஆள் இருந்தால் விட்டுவிட்டே போங்கள். பறிப்பு உச்சத்தில் இருக்கும்போதுதான் அரையாண்டுப் பரீட்சை வரும். 14 வயதுக்குட்பட்டவரை வேலைக்கு வைப்பது குற்றம். "சும்மா அம்மா கூடத்தான் பொறுக்குது" என்பதும் வேலைதான்.

அட்டை, பாம்பு, காட்டெருமை எல்லாம் இருக்குமாமே?

இருக்கும். அட்டை மழை ஓய்ந்தால் குறையும். சுண்ணாம்பும் புகையிலையும் கலந்து கணுக்காலில் தடவுவார்கள், உப்புத் துணியும் கட்டுவார்கள். பிய்த்து எறியாமல் நகத்தால் ஓரத்திலிருந்து தள்ளி எடுங்கள். பெரிய ஆபத்தில்லை, அருவருப்புதான்.

பயப்பட வேண்டியது காட்டெருமைக்கு. விடியற்காலை, பொழுது சாயும் நேரம், பனிமூட்டம், இந்த மூன்றிலும் தனியாக வெட்டுக்குள் நுழையக் கூடாது. பேசிக்கொண்டே போங்கள். ஒற்றை மாடு நின்றால் அதைத் தாண்டிப் போக வழி தேடாமல் வந்த வழியே திரும்புங்கள். படம் எடுக்கப் போனவர் கதையெல்லாம் மலையில் நிறைய உண்டு.

கிளைக்குள் கை விடும் முன் ஒரு தட்டு தட்டுங்கள். குளவிக் கூடு இலைக்கு அடியில் இருக்கும். செடி நிறத்திலேயே பச்சை விரியனும் சுருண்டிருக்கும். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நம்மூரில் கிடைக்கும் விஷமுறிவு ஊசி நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும்தான் செய்யப்படுகிறது. பச்சை விரியன் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் எந்தப் பாம்பு என்று பார்த்திருந்தால் டாக்டரிடம் சொல்வது உதவும். அதற்காகப் பாம்பைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டாம்.

ஆண்களுக்கு என்ன வேலை?

பழம் பறிப்பில் பெண்கள்தான் அதிகம், ஆண்களும் பறிக்கலாம். மூட்டை தூக்குவது, பல்ப்பர், களம் எல்லாம் பெரும்பாலும் ஆண்கள் கையில். உரித்த கொட்டையைத் தொட்டியில் புளிக்க வைத்து, வழவழப்புப் போகக் கழுவி, களத்தில் பரப்பி ஒரு வாரம் பத்து நாள் கிளறிக் கிளறிக் காய வைக்க வேண்டும். சாயங்காலம் குவித்து மூட வேண்டும். மேகம் கறுத்தால் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு ஓட வேண்டும். பல்ப்பர் ராத்திரி வரை ஓடும், கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி உண்டா என்று கேளுங்கள்.

மிளகு பறிப்புக்குக் கூலி அதிகமாமே?

அதிகம், காரணம் இருக்கிறது. காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரத்தில்தான் மிளகுக்கொடி ஏறியிருக்கும். ஏணி வைத்து ஏறி, ஒரு கொத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்திருந்தால் அந்தக் கொத்தைக் கிள்ளிப் பையில் போட வேண்டும். சரிவில் ஏணி நிற்க வேண்டும், கீழே ஒருவர் பிடிக்க வேண்டும், இடுப்பில் கயிறு வேண்டும். கயிறு தராத இடத்தில் ஏறாதீர்கள்.

விழுந்து அடிபடுவதைவிட மோசமானது கரண்ட். அலுமினிய ஏணி தூக்க லேசு என்று பல தோட்டங்களில் அதுதான். ஏணியை நிறுத்தி வைத்தபடியே அடுத்த மரத்துக்கு நகர்த்தும்போது மேலே போகும் மின்கம்பியில் பட்டு ஆள் போவது மிளகுத் தோட்டங்களில் திரும்பத் திரும்ப நடக்கிறது. கம்பி போகும் வெட்டில் மூங்கில் ஏணி கேளுங்கள். இல்லை என்றால் அந்த வரிசையை விட்டுவிடுங்கள். பனியிலோ மழையிலோ நனைந்த மூங்கிலும் கரண்டைக் கடத்தும் என்பதால் ஈர நாளில் கம்பிப் பக்கமே போக வேண்டாம்.

மூன்று மாத வேலைக்குப் பி.எஃப்., போனஸ் எல்லாம் வருமா?

பதிவில் பெயர் இருந்தால் வரும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் பி.எஃப். பிடிப்பார்கள், பிடித்தால் யு.ஏ.என். (உங்கள் பி.எஃப். கணக்குக்கான நிரந்தர எண்) நம்பரைக் கேட்டு வாங்குங்கள், அடுத்த வருடமும் அதே நம்பரைக் கொடுங்கள். இல்லையென்றால் நாலு வருடத்தில் நாலு கணக்கு ஆகி எதையும் எடுக்க முடியாமல் அலைவீர்கள். வருடத்தில் 30 நாள் வேலை செய்திருந்தாலே போனஸுக்குத் தகுதி, குறைந்தது 8.33 சதவீதம். இதைச் சீசன் ஆட்களில் பெரும்பாலோர் கேட்பதே இல்லை.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் அவற்றுக்குள் போய்விட்டது. உங்களுக்கு வேண்டியது இரண்டு விஷயம்: வேலைக்கு எடுத்ததாக எழுத்தில் கேட்கலாம், வேலையை விட்டு நின்றால் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும். தராமல் இழுத்தால் சேலம் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு உங்கள் நோட்டோடு போங்கள்.

கல்லூரி மாணவன். லீவில் பத்து நாள் வரலாமா?

சிறு தோட்டத்தில் வரலாம். பெரிய எஸ்டேட்டில் பத்து நாளுக்குப் பெயர் சேர்க்க யோசிப்பார்கள். பழகி வேகம் பிடிக்கும்போது நீங்கள் கிளம்பிவிடுவீர்கள். எடை எழுத, களத்துக் கணக்குப் பார்க்க ஆள் வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள், அதற்குத் தட்டுப்பாடு உண்டு.

மழை பெய்து வேலை நின்றால்?

வேலை இல்லாத நாளுக்குச் சாதாரணமாகக் கூலி இல்லை. சில இடங்களில் சாப்பாட்டுக்கு மட்டும் ஏதாவது தருவார்கள். முன்பே பேசுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. 20 கொண்டை ஊசி வளைவுப் பாதை அடைபட்டால் குப்பனூர் வழிதான், அதுவும் சில நேரம் அடைபடும். ஒரு வாரத்துக்கு அரிசியும் மாத்திரையும் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

பிப்ரவரிக்குப் பிறகு என்ன செய்வது?

மார்ச் வரை மிளகு ஓடும். அதன்பின் தோட்டத்தில் கவாத்து (செடியின் கிளை வெட்டுவது), நிழல் மரம் கழிப்பது, தண்டுத்துளைப்பான் பூச்சி விழுந்த செடியைத் தேடிப் பிடுங்கி எரிப்பது என்று ஆள் கொஞ்சமாக வேண்டும். நன்றாகப் பறித்தவர்களைத்தான் நிறுத்திக்கொள்வார்கள். கீழே இறங்கினால் மஞ்சள் வெட்டு, மரவள்ளி பிடுங்குவது, சேகோ ஆலை. ஏப்ரலில் இருந்து மாம்பழ மண்டி. இறங்கும் நாளில் மேஸ்திரியிடம் மட்டுமல்ல, ரைட்டரிடமும் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். மேஸ்திரி அடுத்த வருடம் வேறு எஸ்டேட்டுக்கு மாறியிருக்கலாம்.